கோண வேகம் விளங்க ஒரு சைக்கிள் போதும்

யாழ்ப்பாணம் மணிக்கூட்டுக் கோபுரத்து நிமிட முள்ளுக்கும் உங்கள் கைக்கடிகாரத்து நிமிட முள்ளுக்கும் இடையில் எதற்குக் கோண வேகம் கூட? உயர்தர வகுப்பில் இதைக் கேட்டால் பலரும் யோசிக்காமல் கோபுரத்து முள் என்றே சொல்வார்கள். அது பெரியது, அதன் நுனி நீண்ட தூரம் போகிறது என்பது அவர்கள் காரணம். ஆனால் கோண வேகம் என்பது ஒரு செக்கனில் எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பதுதான், இரண்டு முள்ளும் ஒரு சுற்றுச் சுற்ற எடுப்பது ஒரே ஒரு மணித்தியாலம். ஆகவே இரண்டின் கோண வேகமும் செக்கனுக்கு 0.00175 ஆரையன் (ஆரையன் கோணத்தின் அலகு, கீழே அதை அளப்போம்). ஒரு மீற்றர் நீள முள்ளின் நுனி செக்கனுக்கு 1.7 மில்லிமீற்றர் நகரும், ஒரு சென்ரிமீற்றர் நீள முள்ளின் நுனி அதில் நூறில் ஒரு பங்குதான் நகரும். வேறுபடுவது நுனியின் வேகம், முள்ளின் கோண வேகம் அல்ல.

கோண வேகம் சுழலும் பொருள் முழுவதற்கும் உரியது, நேர்கோட்டு வேகம் அந்தப் பொருளில் உள்ள ஒரு புள்ளிக்கு உரியது. சுழற்சி இயக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலப்பதால் வருபவை. கீழே உள்ள அளவீடுகள் எல்லாம் இதைக் கண்ணால் பார்ப்பதற்காகத்தான். தேவையானவை ஒரு சைக்கிள், நூல், அளவு நாடா, வெள்ளைச் சோக்கு அல்லது ரேப், போன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அங்கே 'வேகம்' என்பது நாம் 'கதி' என்று சொல்வது. நமது 'வேகம்' அங்கே 'திசைவேகம்'. நமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம், மீடிறன் அதிர்வெண், ஆரையன் ரேடியன். ஆகவே நமது 'கோண வேகம்' அங்கே 'கோணத் திசைவேகம்'. இந்தக் கட்டுரை நமது பாடப்புத்தகச் சொற்களிலேயே போகிறது.

ஆரையனை நூலால் அளத்தல்

ஆரையனை மனதில் ஏற்றாமல் கோண வேகத்துக்குப் போனால் சூத்திரம் மட்டும்தான் மிஞ்சும். சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி வையுங்கள். முன் சில்லின் விட்டத்தை ரயரின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை நூலால் எடுத்து, அந்த நூலை இரண்டாக மடித்து வெட்டுங்கள். மடித்த நீளம்தான் ஆரை. நடு அச்சிலிருந்து நேரே அளக்கப் போனால் அச்சுக் கூடு இடைஞ்சல் பண்ணும், ஒரு சென்ரிமீற்றர் பிழை எளிதாக வந்துவிடும். 28 அங்குலச் சைக்கிளில் ஒன்றரை அங்குல ரயருக்கு ஆரை 35.7 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும்.

இப்போது வால்வுக்கு நேரே ரயரில் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து நூலை ரயரின் வெளிப்பரப்போடு ஒட்டி வைத்து, அது முடிகிற இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இந்த இரண்டு கோடும் மையத்தில் அமைக்கிற கோணம்தான் ஒரு ஆரையன், ஏறக்குறைய 57.3 பாகை. தொடர்ந்து நூலை வைத்துக்கொண்டு போனால் ஆறு முறை முழுதாகப் போய், மேலும் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் மிஞ்சும். ஒரு முழுச் சுற்று 6.28 ஆரையன் என்பது இதுதான். இரண்டு பை என்று மனப்பாடம் பண்ணியவர்கள்கூட அந்தப் பத்துச் சென்ரிமீற்றர் மிச்சத்தை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

மிச்சம் பத்துக்குப் பதிலாக ஐந்தோ பதினைந்தோ வந்தால், நூல் இழுபட்டிருக்கிறது. ஆறு முறையே முழுதாகப் போகாவிட்டால், ஆரையை ரயருக்கு எடுத்து நூலை றிம்மில் சுற்றியிருக்கிறீர்கள். ஆரை எந்த வட்டத்தினுடையதோ நூலும் அந்த வட்டத்தில்தான் படிய வேண்டும்.

பாகையை விட்டு ஆரையனைப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. வில்லின் நீளம் = ஆரை × கோணம் என்ற தொடர்பு கோணம் ஆரையனில் இருந்தால் மட்டுமே சரி. அதிலிருந்துதான் புள்ளியின் வேகம் = ஆரை × கோண வேகம் என்பது வருகிறது. பாகையைப் போட்டால் விடை 57 மடங்கு வீங்கிவிடும். நீளத்தை நீளத்தால் வகுத்து வந்த எண் என்பதால் ஆரையனுக்குப் பரிமாணம் இல்லை. ஆரையை மீற்றரிலும் கோண வேகத்தை ஆரையன்/செக்கனிலும் பெருக்கினால் மீற்றர்/செக்கன் மட்டும் மிஞ்சுவது அதனால்தான்.

சில்லைச் சுழற்றி அளத்தல்

முன் சில்லையே பயன்படுத்துங்கள். பின் சில்லில் பிறீவீலின் உள்ளே இருக்கும் நாக்குகள் டிக் டிக் என்று அடித்துக்கொண்டு சில்லைக் கூடுதலாகத் தடுக்கும். பிறேக் கட்டை றிம்மில் உரசுகிறதா என்பதையும் முதலே பாருங்கள்.

ரயரில் ஒரு இடத்தில் வெள்ளை ரேப் ஒட்டி, சைக்கிளின் முன் கவையை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லைக் கையால் சுழற்றிவிட்டு, ரேப் கவையைக் கடக்கிற கணத்தில் நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தி, 'பூச்சியம்' என்று எண்ணத் தொடங்குங்கள். அடுத்த கடப்பு 'ஒன்று'. 'பத்து' என்று சொல்லும்போது நிறுத்துங்கள். முதல் கடப்பையே ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் பத்து என்று சொல்லும்போது ஒன்பது சுற்றுத்தான் முடிந்திருக்கும். நேரடியாகப் பத்து வீதப் பிழை. செய்முறைப் பரீட்சையில் ஊசல் அலைவை எண்ணுகிறபோதும் இதே பிழைதான் நடக்கிறது.

பத்துச் சுற்று ஏன்? கை அழுத்துவதில் 0.2 செக்கன் அளவு தாமதமோ முந்துதலோ வரலாம். ஒரு சுற்றுக்கு 0.62 செக்கன் எடுக்கிற சில்லில் ஒரே சுற்றை அளந்தால் அது மூன்றில் ஒரு பங்கு பிழை. பத்துச் சுற்றுக்கு 6.2 செக்கன் என்றால் பிழை மூன்று வீதமாக இறங்கிவிடும். அதற்காக நூறு சுற்று எண்ணவும் கூடாது. அதற்குள் சில்லு நன்றாக வேகம் குறைந்துவிடும்.

பத்துச் சுற்றுக்கு 6.2 செக்கன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கோண இடப்பெயர்ச்சி 62.8 ஆரையன். கோண வேகம் 62.8 ÷ 6.2, அதாவது செக்கனுக்கு 10.1 ஆரையன். இது அந்த 6.2 செக்கனுக்கும் உரிய சராசரி. சில்லு சீராக வேகம் குறைகிறது என்றால், சராசரிக் கோண வேகமும் அந்த இடைவெளியின் நடுக் கணத்தில், அதாவது 3.1ஆவது செக்கனில், இருந்த கணநிலைக் கோண வேகமும் ஒன்று.

இந்த நடுக் கணம் என்ற விடயத்தை விட்டுவிட்டால் கோண ஆர்முடுகலை, அதாவது கோண வேகம் செக்கனுக்கு மாறும் அளவை, கணிக்கும்போது அடி விழும். கடிகாரத்தை நிறுத்தாமல் 'லாப்' பொத்தானை அழுத்தி அடுத்த பத்துச் சுற்றையும் அளந்தீர்கள், அதற்கு 6.8 செக்கன் வந்தது. இரண்டாவது சராசரி 9.24 ஆரையன்/செக்கன். முதலாவது 10.13. வித்தியாசம் 0.89. இதை எந்த நேரத்தால் வகுப்பது? மொத்த நேரம் 13 செக்கன் என்று எடுத்து வகுத்தால் விடை பாதியாகிவிடும். முதற் சராசரி 3.1ஆவது செக்கனுக்கு உரியது, இரண்டாவது 6.2 + 3.4 = 9.6ஆவது செக்கனுக்கு உரியது. இடைவெளி 6.5 செக்கன். கோண அமர்முடுகல் (கோண வேகம் குறையும் வீதம்) 0.89 ÷ 6.5, அதாவது ஏறத்தாழ 0.137 ஆரையன்/செக்கன்².

இந்த அமர்முடுகல் மாறாது என்று எடுத்தால் 10.13 ஆரையன்/செக்கனிலிருந்து நிற்க 74 செக்கன் எடுக்கும், அதற்குள் 373 ஆரையன், சுமார் 59 சுற்றுப் போகும். நேர்கோட்டு இயக்கச் சமன்பாடுகளில் இடப்பெயர்ச்சிக்குக் கோணத்தையும், வேகத்துக்குக் கோண வேகத்தையும், ஆர்முடுகலுக்குக் கோண ஆர்முடுகலையும் போட்டால் இவை வந்துவிடும், புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை. உண்மையான சில்லு இதைவிடக் கூடிய நேரம் சுற்றும். காற்றுத் தடை வேகத்தோடு சேர்ந்து குறைவதால் அமர்முடுகலும் போகப் போகக் குறைகிறது. கடைசிச் சில சுற்றுகளை அளவீட்டில் சேர்க்க வேண்டாம். வால்வு இருக்கும் பக்கம் சற்றுப் பாரம் என்பதால் அந்தக் கட்டத்தில் சில்லு கீழே வரும்போது விரைந்தும் மேலே ஏறும்போது தயங்கியும் போகும், முடிவில் முன்னும் பின்னும் ஊசலாடித்தான் நிற்கும்.

ஆர்.பி.எம். இலிருந்து ஆரையனுக்கு

மோட்டர்களிலும் விசிறிகளிலும் போட்டிருப்பது நிமிடத்துக்கான சுற்றல்கள், அதாவது ஆர்.பி.எம். அதை 6.28ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் ஆரையன்/செக்கன். உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டு போக முடியாது, ஆகவே ஒரு குறுக்குவழி: ஆர்.பி.எம்.ஐப் பத்தால் வகுத்து, வந்ததன் இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 300 என்றால் 30, அதோடு ஒன்றரை, 31.5. சரியான விடை 31.4. ஆயிரத்தில் மூன்று அளவுதான் பிழை.

இதையே விடையைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். கோண வேகம் ஆர்.பி.எம்.இன் பத்தில் ஒன்றளவில் இல்லையென்றால் எங்கோ பிழை. ஆர்.பி.எம்.ஐவிடப் பெரிதாக வந்தால் 60ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். அறுபதில் ஒன்றளவில் வந்தால் 6.28ஐ மறந்துவிட்டீர்கள்.

பெடலிலிருந்து றோட்டு வரை

சில்லுகள் இணைக்கப்பட்ட கணக்குகளுக்கு இரண்டு விதி போதும். ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை எல்லாவற்றுக்கும் ஒரே கோண வேகம். ஒரே செயினோ பட்டியோ சுற்றிப் போகிறவற்றின் விளிம்புகளுக்கு ஒரே நேர்கோட்டுக் கதி. எந்த இணைப்பில் எந்த விதி என்று முதலில் எழுதிவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

சைக்கிளில் இரண்டும் மாறி மாறி வருகின்றன. முன் பற்சில்லில் 44 பல், பின்னால் 18 பல் என்று எடுப்போம். உங்கள் சைக்கிளில் எண்ணிப் பார்த்து அந்த எண்ணையே போடுங்கள். நிமிடத்துக்கு 60 தடவை உழக்குகிறீர்கள், அதாவது செக்கனுக்கு ஒரு சுற்று, 6.28 ஆரையன்/செக்கன்.

பெடலும் முன் பற்சில்லும் ஒரே அச்சில் இருப்பதால் கோண வேகம் ஒன்று. பெடல் அச்சிலிருந்து 17 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது, ஆகவே கால் செக்கனுக்கு 1.07 மீற்றர் போகிறது. செயினின் ஒரு கண்ணி 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம். ஒரு சுற்றில் 44 கண்ணி போகும், ஆகவே செயினின் கதி செக்கனுக்கு 0.559 மீற்றர். இங்கே இரண்டாவது விதிக்கு மாறுகிறோம்: பின் பற்சில்லின் விளிம்புக்கும் அதே 0.559. அதன் ஆரை 18 × 12.7ஐ 6.28ஆல் வகுத்தால் 36.4 மில்லிமீற்றர். கோண வேகம் 0.559 ÷ 0.0364, அதாவது 15.4 ஆரையன்/செக்கன். திரும்ப முதலாம் விதி: பின் பற்சில்லும் பின் சில்லும் ஒன்றாகவே சுற்றுகின்றன. ரயரின் ஆரை 0.357 மீற்றர். பெருக்கினால் செக்கனுக்கு 5.48 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர்.

பல் எண்ணிக்கையின் விகிதம் 44/18 = 2.44 என்று எடுத்து 6.28ஐப் பெருக்கினாலும் அதே 15.4தான் வரும். பரீட்சையில் இந்தக் குறுக்குவழி போதும். ஆனால் விகிதத்தைத் தலைகீழாகப் போடுவோர் பலர். சிறிய சில்லுத்தான் விரைவாகச் சுற்ற வேண்டும் என்பதை வைத்துச் சரிபாருங்கள். கால் தையல் மெசினிலும் இதே கதைதான்: கீழே பெரிய சில்லு, மேலே சிறிய சில்லு, நடுவில் பட்டி. பட்டி தளர்ந்து வழுக்கத் தொடங்கினால் இரண்டாம் விதி பொய்த்துவிடும், மேல் சில்லு கணக்கைவிட மெதுவாகச் சுற்றும். செயின் பல்லில் மாட்டி இழுப்பதால் வழுக்காது, சைக்கிளை இதற்கு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்குக்கும் றோட்டுக்கும் சிறிய வித்தியாசம் வரலாம். ஆள் ஏறி இருக்கும்போது ரயர் அமர்வதால் ஒரு சுற்றில் போகும் தூரம் 2.24 மீற்றரைவிடச் சற்றுக் குறையும், காற்றுப் போன ரயரில் இன்னும் குறையும். ரயரில் சோக்குப் பூசி, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டி, நிலத்தில் விழுந்த இரண்டு அடையாளங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்து 6.28ஆல் வகுத்தால் உண்மையில் வேலை செய்கிற ஆரை கிடைக்கும்.

உருளும் சில்லில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழுக்காமல் உருளும்போது நிலத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதில்லை. அச்சு 5.48 மீற்றர்/செக்கனில் போனால் உச்சிப் புள்ளி அதன் இருமடங்கில், மணிக்கு 39 கிலோமீற்றர் அளவில் போகும். ஆனால் சில்லுக்குக் கோண வேகம் ஒன்றே ஒன்றுதான். அச்சிலிருந்து பார்த்தாலும் நிலத்தைத் தொடும் புள்ளியிலிருந்து பார்த்தாலும் அதே 15.4.

நல்லூரில் 24ஆம் நாள் தேர் வரும்போது அதன் பக்கத்திலேயே ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறார் என்று நினையுங்கள். தேர்ச் சில்லின் விட்டத்தை 1.5 மீற்றர் என்றும் நகர்வைச் செக்கனுக்கு அரை மீற்றர் என்றும் எடுத்தால், தேர்ச் சில்லின் கோண வேகம் 0.67, சைக்கிள் சில்லினுடையது 1.4. ஒரே வீதி, ஒரே வேகம், கோண வேகம் மட்டும் இருமடங்குக்கு மேல் வேறு.

திசை: துலாவும் கிணற்றுக் கப்பியும்

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரத்தண்டான துலா இப்போது அருமையாகிவிட்டது. ஆனால் கோண வேகத்தின் திசையை விளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஆடுகாலில் பொருத்திய அச்சைச் சுற்றித்தான் துலா முழுதும் ஆடுகிறது. பட்டை தொங்கும் பக்கம் நான்கு மீற்றர், மறுபக்கம் 1.2 மீற்றர் என்று கொள்வோம். பட்டைப் பக்க நுனி செக்கனுக்கு 0.8 மீற்றரில் மேலே வந்தால் கோண வேகம் 0.2 ஆரையன்/செக்கன். மறு நுனி 0.24 மீற்றரில் கீழே போகும். ஒரு நுனி ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. அப்படியென்றால் ஒன்றுக்கு நேர், மற்றதற்கு மறை என்று குறி போடலாமா? கூடாது. ஒரு பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு நுனியும் ஒரே திசையில், இடஞ்சுழியாகவோ வலஞ்சுழியாகவோ, திரும்புகின்றன. எதிர்த்திசையில் இருப்பவை நுனிகளின் வேகங்கள் மட்டுமே. துலா மிதிப்பவர் தண்டில் முன்னும் பின்னும் நடக்கும்போது அவருடைய ஆரை மாறும், ஏறி இறங்கும் கதியும் மாறும். அந்தக் கணத்தில் தண்டுக்கு உள்ள கோண வேகமோ முழுத் தண்டுக்கும் ஒன்றே.

கிணற்றின் அடுத்த பக்கத்தில் நிற்பவருக்கு அதே சுழற்சி இடஞ்சுழிக்குப் பதில் வலஞ்சுழியாகத் தெரியும். அதனால்தான் கோண வேகத்தை அச்சின் வழியே ஒரு காவியாக (பருமனும் திசையும் உள்ள கணியமாக) குறிக்கிறோம். வலக்கை விரல்களைச் சுழலும் திசையில் மடித்தால் பெருவிரல் காட்டும் பக்கம் அதன் திசை. முன்னே போகும் சைக்கிளில் அது ஓட்டுபவரின் இடப்பக்கம். கூரை விசிறி கீழிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றினால் கோண வேகக் காவி நிலத்தை நோக்கி இருக்கும். காவி அந்தப் பக்கம் எதையும் தள்ளுகிறது என்று நினைக்க வேண்டாம், அது அச்சும் சுழற்சிப் பக்கமும் எவை என்று சொல்வதற்கான குறியீடு.

கிணற்றுக் கப்பியில் ஒரு நுணுக்கம். காடியின் ஆரை 7 சென்ரிமீற்றர், கயிற்றின் தடிப்பு 2 சென்ரிமீற்றர் என்றால் கணக்குக்கு எடுக்க வேண்டிய ஆரை 8, ஏனென்றால் கயிற்றின் நடுக்கோடுதான் நீளாமலும் சுருங்காமலும் போகிறது. ஆறு மீற்றர் தண்ணீர் அள்ளக் கப்பி 75 ஆரையன், ஏறக்குறைய 12 சுற்றுத் திரும்பும். காடியை மட்டும் எடுத்தால் 13.6 சுற்று என்று பிழையாக வரும். கப்பியில் சோக்குக் கோடு போட்டு எண்ணும்போது பன்னிரண்டுக்கும் குறைவாக வந்தால் அச்சு துருப்பிடித்துக் கயிறு காடியில் வழுக்குகிறது. எண்ணெய் விட்டுவிட்டுத் திரும்ப எண்ணுங்கள்.

போனால் அளத்தல்

போனுக்குள் சுழற்சியை நேரே உணரும் ஜைரோஸ்கோப் இருக்கிறது (மிக மலிவான சில போன்களில் இல்லை). ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் வாசிப்பை ஆரையன்/செக்கனிலேயே காட்டும்.

வீட்டுக் கதவில் போனை நிமிர்த்தி, கீல் பக்கமாக ரேப்பால் இறுக்கி ஒட்டி, செயலியை ஓடவிட்டு, கதவை இரண்டு செக்கனில் 90 பாகை திறவுங்கள். சராசரி 0.79 ஆரையன்/செக்கன் அளவில் வரும். அடுத்ததாகப் போனைப் பிடிக்கு அருகில் ஒட்டி அதே மாதிரித் திறவுங்கள். வரைபு ஏறத்தாழ அதேதான். கீலுக்கு அருகில் போன் சில சென்ரிமீற்றர்தான் நகர்ந்தது, பிடிக்கு அருகில் ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்தது, வாசிப்போ ஒன்று. கோண வேகம் கதவுக்கு உரியது, கதவின் எந்த மூலைக்கும் தனியே உரியதல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மூன்று வரைபுகள் தெரியும்: எக்ஸ், வை, இஸட். போன் நிமிர்ந்திருந்தால் கதவின் அச்சு வை திசையில் இருப்பதால் அது மட்டுமே அசையும். மற்ற இரண்டும் அசைந்தால் போன் சரிந்து ஒட்டப்பட்டிருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது குறி மாறுவதையும் பாருங்கள். தனிப்பெறுமான வரைபை மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தக் குறி தெரியாமல் போய்விடும்.

கூரை விசிறிக்கு ஜைரோஸ்கோப் சரிவராது, காணொளி எடுங்கள். விசிறியை நிறுத்தி, சுவிச்சையும் அணைத்து, ஒரே ஒரு தகட்டில் வெள்ளை ரேப் ஒட்டுங்கள். ரேப் இல்லாமல் எடுத்தால் மூன்று தகடுகளில் எது எதுவென்று தெரியாது, ஒரு தகடு இன்னொன்றின் இடத்துக்கு வந்ததை முழுச் சுற்று என்று எண்ணி மூன்று மடங்கு விடை எழுதுவீர்கள். செக்கனுக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷனில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இருட்டில் சில போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துவிடும். ஐந்து சுற்றுக்கு 225 பிரேம் என்றால் ஒரு சுற்றுக்கு 45 பிரேம், 45 ÷ 240 = 0.1875 செக்கன், கோண வேகம் 33.5 ஆரையன்/செக்கன், 320 ஆர்.பி.எம். திரையில் ஓடுகிற நேரத்தை எடுக்காதீர்கள். 240இல் எடுத்ததைப் போன் 30இல் ஓட்டிக் காட்டும்போது நேரம் எட்டு மடங்கு நீண்டிருக்கும்.

சாதாரண 30 பிரேம் காணொளி விசிறிக்குப் போதாது. நிமிடத்துக்கு 1200 சுற்றும் மூன்று தகட்டு மேசை விசிறியில் செக்கனுக்கு 60 தகடுகள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு தகடு நகர்ந்திருக்கும், ஆகவே திரையில் விசிறி நிற்பது போலத் தெரியும். சற்று வேகம் குறைந்தால் பின்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரியும். கண் பார்த்ததை நம்பிக் குறி போட்டால் கோண வேகத்தின் திசையே மாறிவிடும்.

பூமியின் சுழற்சியை இந்தப் போன் உணராது. பூமி ஒரு சுற்றுச் சுற்ற 86,164 செக்கன் எடுக்கிறது, கோண வேகம் செக்கனுக்கு 0.0000729 ஆரையன், கடிகாரத்தின் மணி முள்ளில் பாதி. போனின் சொந்தத் தளம்பலே அதைவிடப் பெரிது. இலங்கையின் வடகோடியில் உள்ள பருத்தித்துறைக்கும் தென்கோடியில் உள்ள தெவிநுவரவுக்கும் இந்தக் கோண வேகம் ஒன்றே. ஆனால் பருத்தித்துறை பூமியின் அச்சுக்குச் சற்றுக் கிட்டவாக இருப்பதால் செக்கனுக்கு ஏறக்குறைய 458 மீற்றரில் கிழக்கே போகிறது, தெவிநுவர 463 மீற்றரில் போகிறது.

வர்க்கம் வரும் இடம்

சுழலும் பொருளின் ஒவ்வொரு துணுக்கையும் வட்டத்தில் வைத்திருக்க மையத்தை நோக்கிய ஆர்முடுகல் தேவை. அது ஆரை × கோண வேகத்தின் வர்க்கம். கோண வேகம் இருமடங்கானால் அது நான்கு மடங்கு. தோட்டத்துக்கு இறைக்கும் மின்பம்பி 2850 ஆர்.பி.எம். என்றால் கோண வேகம் 298. அதன் சுழலியின் விளிம்பு 6 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால் அங்கே ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 5300 மீற்றருக்கு மேல், புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல 540 மடங்கு. சுழலியில் ஒரு துண்டு உடைந்தாலும் பம்பி அதிர்ந்து போல்பெயரிங் போவது இதனால்தான்.

இதைத் தெரியாமல் விடுவதால் உயிருக்கே ஆபத்து வருகிற ஒரு கருவி உண்டு. வெல்டிங் கடைகளிலும் வீட்டு வேலைகளிலும் பாவிக்கும் நான்கு அங்குலக் கை கிறைண்டர் 11,000 ஆர்.பி.எம். அளவில் சுற்றும், அதாவது 1152 ஆரையன்/செக்கன். 100 மில்லிமீற்றர் தட்டின் விளிம்பு செக்கனுக்கு 58 மீற்றரில் போகும். வெட்டும் தட்டுகள் வழக்கமாக 80 மீற்றர்/செக்கன் வரைக்கும் தாங்குமாறு செய்யப்படுகின்றன. சிலர் ஆழமாக வெட்ட வேண்டும் என்பதற்காகக் காப்பைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டை அதே சிறிய கிறைண்டரில் மாட்டுகிறார்கள். மோட்டரின் கோண வேகம் அப்படியே இருக்கிறது, ஆரை 50 மில்லிமீற்றரிலிருந்து 90 ஆகிவிட்டது. விளிம்பு இப்போது செக்கனுக்கு 104 மீற்றரில் போகிறது. தட்டுக்குள் எழும் இழுவைத் தகைப்பு விளிம்புக் கதியின் வர்க்கத்தோடு கூடுவதால் அது தாங்க வேண்டிய எல்லையை 1.7 மடங்கு தாண்டிவிட்டது. தட்டு வெடித்தால் துண்டுகள் தொடலித் திசையில், அந்த 104 மீற்றரிலேயே பறக்கும். அவற்றைத் தடுக்கக்கூடிய காப்போ முன்னரே கழற்றப்பட்டுவிட்டது.

தட்டு வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டுள்ள உச்ச ஆர்.பி.எம்.ஐப் பாருங்கள். ஏழு அங்குலத் தட்டில் 8500 என்று இருக்கும். கிறைண்டரின் தகட்டில் உள்ள ஆர்.பி.எம். அதைவிடக் கூடவாக இருந்தால் அந்தத் தட்டு அந்தக் கிறைண்டருக்கு உரியதல்ல. தட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி ஆண்டும் அடிக்கப்பட்டிருக்கும். ஈரப்பட்ட தட்டையும் விளிம்பு கடிபட்ட தட்டையும் மாட்ட வேண்டாம். புதுத் தட்டை மாட்டியதும் காப்பைப் பூட்டி, முகத்தை விலக்கி, ஆட்கள் இல்லாத பக்கமாகப் பிடித்து அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகே இரும்பில் வையுங்கள்.